ஐரோப்பாவில் ஊர் விட்டு ஊர் போக ரயிலா, காரா? முழுமையான வழிகாட்டி

ஐரோப்பியப் பயணத்துக்குத் திட்டம் போட உட்காரும் வீடுகளில் முதலில் எழும் வாக்குவாதம் இதுதான். "ரயில் பாஸ் எடுத்துவிட்டால் தொல்லையே இல்லை" என்பார் ஒருவர். "நாலு பேர் இருக்கிறோம், கார் எடுத்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒரே பயணத்தின் வேறு வேறு பகுதிகளுக்குத்தான் அவை பொருந்தும். பத்து நாளுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுப்பவர்கள், ரயில் இல்லாத கிராமத்துக்குப் பெட்டியோடு பஸ் தேடுகிறார்கள். அல்லது ரோம் நகரின் நடுவில் நாளுக்கு 30 யூரோ கொடுத்து, எடுக்கவே எடுக்காத காரை நிறுத்தி வைக்கிறார்கள்.

பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1. இரண்டு முனைகளையும் பாருங்கள்

போக வேண்டிய ஊர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு போதும்: பார்க்க வேண்டியவை நகர மையத்தில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றனவா, அல்லது கிராமங்களாகச் சிதறிக் கிடக்கின்றனவா?

மிலான், ஃபுளோரன்ஸ், வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு, ரோம் என்று ஒரு இத்தாலிப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரன்ஸ் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பெரிய தேவாலயத்துக்குப் பத்து, பதினைந்து நிமிட நடை. ஆனால் வால் தோர்ச்சாவில் பியென்சா, மோன்தெபுல்ச்சியானோ, நடுவில் சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டிய குன்றுகள் என்று எல்லாம் பரந்து கிடக்கின்றன. அந்தக் குன்றூர்களுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸும் அரிது. ஆக மிலானிலிருந்து ஃபுளோரன்ஸ் வரை ரயில், வால் தோர்ச்சாவுக்கு மட்டும் கார். தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஸ்டேஷனை விட்டு இறங்கினால் எதிரிலேயே தேவாலயம் நிற்கிறது. வெனிஸில் சான்தா லூச்சியா ஸ்டேஷன் வாசலிலேயே பெரிய கால்வாய். அதே வெனிஸுக்குக் காரில் போனால் ரோமா சதுக்கத்தோடு சாலை முடிந்துவிடும். காரை அங்கேயோ பக்கத்துத் தீவான திரோன்கெத்தோவிலோ நிறுத்தக் காசு கொடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் நடையும் படகும்தான். ஸ்விட்சர்லாந்தின் ஜெர்மாட்டும் அப்படியே. தேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு அங்கிருந்து ரயிலில்தான் மேலே போக வேண்டும்.

2. வாசலிலிருந்து வாசல்வரை நேரத்தைக் கணக்கிடுங்கள்

கூகுள் மேப் காட்டும் கார் நேரத்தையும் ரயில் அட்டவணை நேரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தங்கியிருக்கும் இடத்தின் கதவிலிருந்து அடுத்த விடுதியின் கதவு வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

காருக்கு: வாடகை அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று, காகிதங்களில் கையெழுத்திட்டு, கீறல்களைப் படம் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு. இறங்கும் ஊரில் பார்க்கிங் தேட அரை மணி.

ரயிலுக்கு: பெரும்பாலான நாடுகளில் விமான நிலையம் மாதிரி சோதனை கிடையாது. புறப்பட இருபது நிமிடம் முன்னால் ஸ்டேஷனில் இருந்தால் போதும். இரண்டு விலக்குகள் உண்டு. ஸ்பெயினில் அதிவேக ரயிலுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்வார்கள். வாயிலையும் முன்கூட்டியே மூடிவிடுவார்கள். லண்டன் போகும் யூரோஸ்டாரில் பாஸ்போர்ட் சோதனை இருப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போக வேண்டும். பிரான்ஸில் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயிலின் கதவுகள் புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதையெல்லாம் சேர்த்த பிறகும் பெரிய நகரங்களுக்கு இடையே ரயில்தான் முந்தும். பாரிஸ்–லியோன் சாலைவழி சுமார் 465 கிலோமீட்டர். காரில் நாலரை, ஐந்து மணி நேரம். டி.ஜி.வி.யில் இரண்டு மணி நேரம். 1981-ல் பிரான்ஸின் முதல் அதிவேகப் பாதை திறந்தது இந்த வழியில்தான். மாட்ரிட்–பார்சலோனா 620 கிலோமீட்டர். வேகமான ரயில் இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், கார் ஆறு மணி நேரம் இழுக்கும். மிலான்–ரோம் ரயிலில் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், காரில் ஆறு. பெர்லின்–மியூனிக் வேகமான ரயிலில் நாலு மணி நேரம்; ஆட்டோபான் நெடுஞ்சாலையில் சில இடங்களில் வேக வரம்பே இல்லை என்றாலும், வழியில் சாலைப் பணிகளைக் கடந்து போக ஆறு மணி நேரம் ஆகிவிடும்.

ஆனால் எல்லாப் பெருநகர ஜோடிகளுக்கும் இது பொருந்தாது. மியூனிக்–பிராக் தூரம் வெறும் 380 கிலோமீட்டர்தான். ரயில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது, காரில் நாலு மணி நேரம். லிஸ்பனிலிருந்து மாட்ரிட்டுக்கு நேரடி ரயிலே கிடையாது. இரண்டும் தலைநகரங்கள், இடையில் 625 கிலோமீட்டர், ஆனாலும் வழியில் மாறி மாறித்தான் போக வேண்டும். அதற்கு விமானம் அல்லது பஸ் மேல். குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கில் ரயில் நிலையமே இல்லை. அதனால் வரைபடத்தில் இரண்டு பெரிய ஊர்கள் பக்கத்தில் தெரிகின்றன என்பதற்காக ரயில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அட்டவணையைத் திறந்து பாருங்கள். மூன்று முறைக்கு மேல் மாற வேண்டிய பயணமானால், வேறு வழி தேடுவதுதான் நல்லது.

ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அவின்யோன் டி.ஜி.வி., எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் டி.ஜி.வி. என்ற நிலையங்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன; எக்ஸ் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரப் பஸ் பிடிக்க வேண்டும். பாரிஸில் பெரிய நிலையங்கள் மட்டும் ஏழு. லண்டன், பிரஸ்ஸல்ஸ் ரயில்கள் வந்து நிற்பது கார் து நோர். லியோன், மார்செய் ரயில்கள் கிளம்புவது கார் து லியோன். இரண்டுக்கும் இடையே ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயில் வழியில் இரண்டே நிறுத்தங்கள்தான். ஆனாலும் பெட்டிகள், படிகள், டிக்கெட் வாயில்கள் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இடைவெளி நிறைய இருந்தால் கார் து நோரை விட்டு வெளியே வந்து லா ஷப்பேல் பக்கம் நடந்து பாருங்கள். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. சூடாக ஒரு தோசையோ கொத்து ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

3. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

காரின் செலவு காருக்கு, ரயிலின் செலவு ஆளுக்கு. ஒருவர் அல்லது இருவர் என்றால் ரயில் ஏறக்குறைய எப்போதும் மலிவு. மூன்று பேருக்கு மேல் போனால் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

மிலானிலிருந்து ரோமுக்கு நாலு பேர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 575 கிலோமீட்டருக்கு, நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றால், 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.75 யூரோ என்று போட்டால் 70 யூரோ. நெடுஞ்சாலை டோல் 45 யூரோவை ஒட்டி வரும். கார் வாடகை நாளுக்கு 50, 60 யூரோ. ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடுவதால் தனிக் கட்டணம், பல நேரம் 50 முதல் 100 யூரோ. ரோமில் ஒரு இரவு பார்க்கிங் 30 யூரோ. கூட்டினால் 245 முதல் 305 யூரோ வரை ஆகிவிடுகிறது. ரயிலில் முன்கூட்டியே எடுத்தால் தலைக்கு 35 முதல் 50 யூரோ, நாலு பேருக்கு 140 முதல் 200. ஆனால் கடைசி நேரத்தில் எடுத்தால் அதே இருக்கை தலைக்கு 90 யூரோவுக்கும் போகும். அப்போது நாலு பேருக்கு 360. எத்தனை பேர் என்பதைவிட, எப்போது பதிவு செய்கிறீர்கள் என்பதுதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது.

இத்தாலியில் ஃப்ரெச்சாரோசா ரயில்களை ஓட்டும் திரெனித்தாலியா, இத்தாலோ என இரண்டு நிறுவனங்கள் ஒரே பாதையில் போட்டி போடுகின்றன. மாட்ரிட்–பார்சலோனா வழியில் அரசு நிறுவனமான ரென்ஃபேயோடு 2021-ல் விகோவும் 2022-ல் இரியோவும் சேர்ந்தன. வியன்னா–சால்ஸ்புர்க் வழியில் வெஸ்ட்பான் இருக்கிறது. போட்டி இருக்கும் இடத்தில் இரண்டு, மூன்று தளங்களிலும் விலை பார்த்துவிட்டு எடுங்கள்.

சாலைக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி, நெதர்லாந்து நெடுஞ்சாலைகளில் கார்களுக்குப் பெரும்பாலும் டோல் இல்லை. பிரான்ஸ், இத்தாலியில் தூரத்துக்கு ஏற்ப. ஸ்விட்சர்லாந்தில் வின்யெட் என்ற அனுமதி, ஆண்டுக்கு 40 ஃப்ராங்க். குறுகிய காலத்துக்கென்று தனியாக இல்லை. ஜெர்மனியிலிருந்து மிலானுக்குப் போகும் வழியில் ஒரு நாள் மட்டும் நெடுஞ்சாலையில் ஓட்டினாலும் 40 ஃப்ராங்க்தான். ஆஸ்திரியா, செக், ஹங்கேரி, ஸ்லோவேனியாவிலும் வின்யெட் உண்டு, அங்கே குறைந்த நாட்களுக்கும் கிடைக்கும். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 சாலையில் 2024 முதல் டோல் பூத்தே கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் நீங்களே இணையத்தில் போய்க் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அபராதம் சேர்ந்து வாடகை நிறுவனம் வழியாக வரும்.

இன்னொரு சின்ன விஷயம்: இத்தாலியப் பெட்ரோல் நிலையங்களில் நீங்களே நிரப்பும் பம்ப்புக்கு ஒரு விலை, ஊழியர் நிரப்பும் பம்ப்புக்கு அதைவிடக் கூடுதல் விலை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பலகையில் உள்ள இரண்டு விலைகளையும் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

4. நகருக்குள் கார் நுழைய முடியுமா என்று பாருங்கள்

பயணிகள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இத்தாலியின் பழைய நகரங்களில் இசட்.டி.எல். என்ற கட்டுப்பாட்டு வட்டங்கள் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும்தான் போகலாம். ஃபுளோரன்ஸ், ரோம், சியேனா, பீசா, பொலோன்யா என்று எல்லா ஊர்களிலும் உண்டு. தடுப்புக் கட்டையோ காவலரோ இருக்க மாட்டார்கள். தெரு முனையில் வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை, அதன் கீழே இத்தாலிய மொழியில் நேரங்கள், மேலே ஒரு கேமரா. அவ்வளவுதான். சில ஊர்களில் மின்பலகையில் சிவப்பு எழுத்து எரியும். கேமரா இயங்குகிறது, உள்ளே வராதே என்று அர்த்தம். பச்சை எரிந்தால் போகலாம். வழிகாட்டி ஆப் சொன்ன திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் படித்து முடிக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு கேமராவைத் தாண்டும்போதும் தனி அபராதம் விழலாம். ஒரே மாலையில் வழி தப்பி இரண்டு முறை சுற்றினால் இரண்டு சீட்டு. அபராதம் ஒவ்வொன்றும் 100 யூரோவை ஒட்டி இருக்கும். உங்கள் விலாசத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனமும் தனியாக ஒரு தொகையை உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லாம் நீங்கள் வீடு திரும்பிப் பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. உங்கள் விடுதி வட்டத்துக்குள் இருந்தால், பதிவு செய்யும்போதே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்: வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து தருவார்களா, எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும்? பதில் தெளிவாக இல்லையென்றால் ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு டிராமிலோ பஸ்ஸிலோ உள்ளே வாருங்கள்.

மற்ற நாடுகளிலும் இதே நோக்கம், வேறு வேறு முறை. மிலானின் நடுப்பகுதியான ஏரியா சி-க்குள் வேலை நாட்களில் நுழைய 7.50 யூரோ. ஜெர்மன் நகரங்கள் பலவற்றுக்குள் போகப் பச்சை ஒட்டுத்தாள் தேவை. அங்கே எடுக்கும் வாடகைக் கார்களில் அது ஒட்டியே இருக்கும், ஆனால் வேறு நாட்டில் எடுத்த வண்டியோடு போனால் நீங்கள் பார்க்க வேண்டும். பிரான்ஸில் சில நகரங்கள் கிரிட்டேர் என்ற மாசு ஒட்டுத்தாளைக் கேட்டுவந்தன; போகும் முன் இப்போதைய விதியைப் பாருங்கள். லண்டனில் நெரிசல் கட்டணமும் மாசுக் கட்டணமும் தனித்தனி.

5. கார்தான் சரி என்ற இடங்களில் தயங்காதீர்கள்

ரயில் பக்கம் சாய்ந்து பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். சில இடங்களை ரயிலில் பார்க்கவே முடியாது. பார்த்தாலும் ஸ்டேஷனை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள்.

புரோவான்ஸில் கோர்த், ரூசியோன் போன்ற மலைக் கிராமங்கள். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து கொல்மாருக்கு அரை மணி நேர ரயில் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ரிக்வீர் போன்ற திராட்சைத் தோட்ட ஊர்களுக்குக் கார் இருந்தால்தான் ஒரே நாளில் மூன்று, நான்கு பார்க்கலாம். நார்மண்டியில் 1944 படையிறக்கம் நடந்த கடற்கரைகள் பல மைல் நீளத்துக்கு விரிந்து கிடக்கின்றன. பாரிஸிலிருந்து கான் அல்லது பாயோ வரை ரயிலில் வந்து, அங்கே ஒரு நாள் கார் எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் வடக்குக் கரை, அயர்லாந்தின் மேற்குக் கரையும் இந்த வகைதான்.

குரோவேஷியக் கரைக்கு ஒரு குறிப்பு. ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்கு 230 கிலோமீட்டர், கடலை ஒட்டிய அழகான சாலை. முன்பெல்லாம் நடுவில் போஸ்னியாவின் நேயும் என்ற சிறு பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. 2022-ல் திறந்த பெலியேஷாட்ஸ் பாலம் அந்தத் தேவையை நீக்கிவிட்டது. 2023 ஜனவரியில் குரோவேஷியாவும், ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டதால், ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் பாலத்து வழியை எடுத்தால் எல்லை தாண்டும் கவலையில்லை. ஆனால் துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாள் மொண்டெனேக்ரோ போய்வரலாம் என்று யாராவது சொன்னால், அது ஷெங்கனை விட்டு வெளியேறுவது. பல நுழைவு விசா இல்லையென்றால் திரும்பி உள்ளே வர முடியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இத்தாலியின் சின்குவே தெர்ரே. ஐந்து கடலோர ஊர்கள், படம் பார்த்தால் கார் எடுத்து ஊர் ஊராகப் போகத் தோன்றும். ஆனால் சாலை குறுகல், நிறுத்த இடமில்லை. லா ஸ்பெசியாவிலிருந்து ஓடும் ரயில் சில நிமிடங்களில் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். ஸ்விட்சர்லாந்திலும் பெரும்பாலும் ரயில்தான். கடிகாரம் பார்த்து ஒவ்வொரு மணிக்கும் வண்டி வரும்படியும், ரயிலை விட்டு இறங்கியதும் மலைப் பஸ் காத்திருக்கும்படியும் அந்த நாட்டில் அட்டவணை அமைத்திருக்கிறார்கள்.

6. யார் யார் வருகிறார்கள்?

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால், ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் பல பெட்டிகளில் ஏறப் படி உண்டு, பழைய நிலையங்களில் லிஃப்ட் வேலை செய்யாமலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் சக்கர நாற்காலி உதவி இலவசமாகக் கிடைக்கும். தாராளமாகக் கேளுங்கள்.

குழந்தைகள் என்றால் காரில் அவர்களுக்கான தனி சீட் கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை. வாடகை நிறுவனத்திடம் எடுத்தால் நாள் கணக்கில் பணம். ரயிலில் அந்தச் சுமை இல்லை. பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெயில் பாஸில் 4 முதல் 11 வயது வரை உள்ள குழந்தைகள், பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வீதம், இலவசம்.

பெட்டிகளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்கள் ஆளுக்கு இரண்டு பெரிய சூட்கேஸ் கொண்டுவந்தால் ரயில் சிரமம்தான். கதவுப் பக்கத்துத் தட்டில் இடம் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண் வைத்திருக்க வேண்டும். டி.ஜி.வி.யில் ஆளுக்கு இரண்டு சூட்கேஸ், ஒரு கைப்பை என்று வரம்பே வைத்துவிட்டார்கள். விகோவில் அதைவிடக் கெடுபிடி. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி என்று கிளம்பும்போதே முடிவெடுத்தால் ரயில் இனிமையாகிவிடும். காரில் பெட்டிகள் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. பார்சலோனா, மார்செய் போன்ற நகரங்களில் சாமான் தெரியும்படி நிறுத்திய வாடகைக் கார் கண்ணாடி உடைவது சாதாரணம். காரில் சாமான் இருக்கும் நாளில் நடுவழியில் ஊர் பார்க்க நிறுத்தாதீர்கள்.

சாப்பாடு இரண்டிலும் சௌகரியம். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய் ரயிலில் சாப்பிட யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அரிசி, மசாலா, குக்கர் எல்லாம் கொண்டுபோய் அபார்ட்மென்டில் சமைக்கப் போகிறவர்களுக்குக் கார் வசதி.

ஐரோப்பாவிலேயே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. சொந்தக் கார் இருக்கிறது, வாடகை இல்லை. லண்டனிலிருந்து பாரிஸ் புறநகரில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேர் பட்டுப்புடவைப் பெட்டி, சீர்வரிசைத் தட்டுகளோடு போவதென்றால் காரே மேல். ஃபோக்ஸ்டன்–கலே இடையே காரையே ஏற்றிக்கொண்டு போகும் சுரங்க ரயில் 35 நிமிடம், கட்டணம் ஆளுக்கு அல்ல, காருக்கு. உறவினர் வீடுகளும் மண்டபமும் நகர மையத்தில் இருப்பது குறைவு. ராத்திரி பதினோரு மணிக்கு விருந்து முடிந்து கிளம்பும்போது கார் கையில் இருப்பது நல்லது.

7. காருக்கான காகிதங்கள்

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு வருடம் செல்லும். மூல உரிமத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள், தனியாக அனுமதி மட்டும் செல்லாது. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல அலுவலகங்கள் மறுத்துவிடும். முன்பணமாகச் சில நூறு யூரோவைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், அவ்வளவு வரம்பு மீதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் பதிவிலேயே தேர்ந்தெடுங்கள். ஐரோப்பாவில் கியர் வண்டிதான் அதிகம். பெரும்பாலான நாடுகளில் ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையில் வலப்பக்கம் ஓட்டும்போது கூடவே கியரையும் வலக்கையால் மாற்றுவது முதல் நாளில் எளிதல்ல.

வண்டியை அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் பல நூறு யூரோ கூடுதலாகும். அப்படி வந்தால் அந்தக் கட்டத்துக்கு ரயிலே என்று முடிவு செய்துவிடலாம். சின்ன ஊர் அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது.

8. ரயில் என்று முடிவானால்

அதிவேக ரயில் டிக்கெட்டுகள் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் முன்னால் விற்பனைக்கு வரும். மலிவானவை முதலில் தீரும். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும்; தவறவிட்டால் போனதுதான். பிராந்திய ரயில்களுக்கு இந்த அவசரமே இல்லை, அன்றைக்கே எடுத்தாலும் அதே விலை.

யூரெயில் பாஸ் எடுப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனியாக 10 யூரோ, அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். பாஸ்காரர்களுக்கான இருக்கைகளும் டி.ஜி.வி.யிலும் யூரோஸ்டாரிலும் குறைவு. மூன்று, நான்கு ஊர்கள் மட்டும் என்றால் தனி டிக்கெட் மலிவு. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் நினைத்தபோது ஏறி இறங்குகிறவர்களுக்குப் பாஸ் உண்மையிலேயே பயன்படும். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு யூரெயில் கிடையாது, அவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ்தான். ஜெர்மனியின் டாய்ச்லான்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ; பிராந்திய ரயில்களிலும் நகரப் பஸ், டிராமிலும் செல்லும், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் செல்லாது.

ஜெர்மனியில் தாமதம் பெரிய பிரச்சினை. 2024-ல் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானதை நேரத்துக்கு வந்ததாகவே எண்ணிச் சொன்ன கணக்கு. எட்டு நிமிட இடைவெளியில் மாறும் இணைப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், நாற்பது நிமிடம் வையுங்கள். விமானம் பிடிக்கும் நாளில் இன்னும் ஒரு ரயில் முன்னால் கிளம்புங்கள். முழு வழிக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் பிறகு வரும் ரயிலில் உங்களை ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. துண்டு துண்டாக எடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். கேட்டு விண்ணப்பித்தால்தான்.

பிளாட்பாரத்தில் ஒரு நுணுக்கம். ஜெர்மன் நிலையங்களில் பிளாட்பாரம் நெடுக ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எண் எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று மின்பலகையில் காட்டுவார்கள். ரயில் வருவதற்கு முன்பே அங்கே போய் நில்லுங்கள். சில நாள் பெட்டிகளின் வரிசை தலைகீழாக வரும், அறிவிப்பைக் கவனியுங்கள். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். பெர்லினிலிருந்து மேற்கே போகும் ஐ.சி.இ.கள் பல ஹாம் நிலையத்தில் பிரிகின்றன. பெட்டிக் கதவில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இத்தாலியில் பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பார மெஷினில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால் அபராதம். வேலைநிறுத்தங்கள் அங்கே முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை பிராந்திய ரயில்களில் ஒரு பகுதி ஓடியே ஆக வேண்டும்.

9. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மாதிரித் திட்டம்

முன்னால் சொன்ன இத்தாலிப் பயணத்தோடு வெனிஸையும் சேர்த்துக்கொள்வோம். மிலானில் இறங்கி, ரயிலில் வெனிஸ், இரண்டரை மணி நேரத்துக்குள். வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸ் இரண்டே கால் மணி நேர ரயில். ஃபுளோரன்ஸில் இருக்கும் நாட்களுக்குக் கார் வேண்டவே வேண்டாம்.

கிளம்பும் நாள் காலையில் சான்தா மரியா நொவெல்லா ஸ்டேஷன் பக்கத்திலிருந்து டி2 டிராம் ஏறி விமான நிலையம் போய், அங்கே காரை எடுங்கள். ஊருக்குள் உள்ள அலுவலகத்தில் எடுத்தால் இசட்.டி.எல். வட்டத்தின் ஓரத்திலேயே வண்டி ஓட்டத் தொடங்க வேண்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து நேரே நெடுஞ்சாலை. வால் தோர்ச்சாவில் ஏதாவது ஒரு பண்ணை வீட்டில் இரண்டு, மூன்று நாள். பியென்சாவுக்குள் போகும்போது மதிலுக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு நடங்கள்.

காரை ரோம் நகருக்குள் கொண்டுபோகாதீர்கள். வெளிவட்டச் சாலை வழியாக ஃபியுமிச்சினோ விமான நிலையம் போய் அங்கே விட்டுவிட்டு, லியோனார்தோ எக்ஸ்பிரஸ் பிடித்தால் 32 நிமிடத்தில் ரோம் தெர்மினி ஸ்டேஷன்.

பதிவு செய்யும் வரிசை: முதலில் விமானம், அடுத்து விடுதிகள், தேதி உறுதியானதும் அதே நாளில் அதிவேக ரயில்கள், அப்புறம் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு வாடகைக் கார். காரின் விலை இடையில் இறங்கினால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். ரயில் டிக்கெட்டுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை; அதனால் மலிவு விலை கண்ணில் பட்டதும் எடுத்துவிடுங்கள்.